வயர் பெட்டியில் எஃப்ஆர், எல்எஸ்எச், எச்எஃப்எஃப்ஆர்: எதை எங்கே போடுவது?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் போய், "அண்ணாச்சி, ஒண்ணரை ஸ்கொயர் வயர் ரெண்டு காயில் வேணும்" (ஸ்கொயர் என்பது சதுர மில்லிமீட்டரில் செம்பின் கனம்) என்று கேட்டால் உடனே பெட்டி மேஜைக்கு வந்துவிடும். பெட்டியின் மேல் எஃப்ஆர் என்றோ, எஃப்ஆர்-எல்எஸ்எச் என்றோ, எச்எஃப்எஃப்ஆர் என்றோ பெரிதாகப் போட்டிருக்கும். என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் தீப்பிடிக்காத வயருதான் மக்கா, விலைதான் கூடக் குறைய" என்று பதில் வரும். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்கிற ஆட்களே குறைவு.

அந்தப் பதிலில் இரண்டு தவறு இருக்கிறது. ஒன்று, தீப்பிடிக்காத வயர் என்று எதுவும் அந்தப் பெட்டிகளில் இல்லை. இரண்டு, அந்த எழுத்துகள் எதுவும் வீட்டில் தீ உண்டாகாமல் தடுப்பதற்கானவை இல்லை. தீ வந்துவிட்டால் வயர் அதற்கு எவ்வளவு துணைபோகும், எவ்வளவு புகையைக் கக்கும் என்பதைத்தான் அவை சொல்கின்றன. தீ உண்டாகாமல் இருப்பதை வயரின் கனம், எம்சிபி (கரன்ட் அளவுக்கு மீறினால் தானாக அணைத்துவிடும் ஸ்விட்ச்), ஜாயின்ட் ஆகியவை பார்த்துக்கொள்ள வேண்டும். இது மனதில் பதிந்தால் மீதி எல்லாம் எளிது.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள், கன்னியாகுமரியில் சின்னதாக ஒரு லாட்ஜ் போட நினைப்பவர்கள், வயரிங் வேலைக்குக் கையாளாகச் சேர்ந்த பையன்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு கேபிளும் தீயும் என்று வந்தால் கேட்க வேண்டியவை மூன்று. தீ அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டு பரவுமா? எரியும்போது வரும் புகையும் வாயுவும் எப்படிப்பட்டவை? நெருப்புக்குள் கிடந்தாலும் அந்தக் கேபிளில் கரன்ட் ஓடுமா?

ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. ஒன்றில் தேறியது மற்றொன்றில் தேறும் என்று எண்ண வேண்டாம். நன்றாக எரியாமல் நிற்கும் வயர், இரண்டு நிமிடத்தில் ஷார்ட் ஆகி விளக்கை அணைத்துவிடலாம். கடைகளில் நடக்கும் குழப்பத்தில் முக்கால்வாசி, மூன்றையும் "ஃபயர் புரூஃப்" என்ற ஒரே சொல்லில் போட்டு அடைப்பதால் வருவதுதான்.

எழுத்துகளின் பொருள்

சாதாரண பிவிசி வயருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 694. எஃப்ஆர், எஃப்ஆர்-எல்எஸ்எச் இரண்டும் அந்தத் தரத்துக்குள்ளேயே வருகின்றன.

எஃப்ஆர் என்றால் தீ பரவுவதைத் தாமதப்படுத்தும் வயர். முதல் கேள்விக்கு மட்டும் பதில். இதற்கு ஆக்சிஜன் குறியீடு என்று ஓர் அளவு பார்க்கிறார்கள்: அந்த பிளாஸ்டிக் தொடர்ந்து எரிய, சுற்றியுள்ள வாயுவில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் வேண்டும்? நாம் மூச்சுவிடும் காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் இருக்கிறது. வயரின் மேலுறை குறைந்தது 29 கேட்க வேண்டும் என்பது விதி. அதாவது சாதாரணக் காற்றில் தானாக எரிந்துகொண்டே போக அதற்கு ஆக்சிஜன் போதாது. பக்கத்தில் மெத்தையோ கட்டிலோ எரிந்து வெளியிலிருந்து சூடு வந்துகொண்டே இருந்தால் எஃப்ஆர் வயரும் எரியத்தான் செய்யும்.

எஃப்ஆர்-எல்எஸ்எச் என்பது அதே குணத்தோடு, புகையையும் அமில வாயுவையும் குறைத்துச் செய்தது. பிவிசியில் குளோரின் இருக்கிறது; கலப்பில்லாத பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் அதுதான். எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியே வந்து, கண்ணீரிலும் மூச்சுக்குழாயின் ஈரத்திலும் பட்டதும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிவிடும். கண்ணைத் திறக்க முடியாது, வழி தெரியாது. எல்எஸ்எச் வகையில் இந்த அமில வாயு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, புகை அளவு 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், குறைவுதான், இல்லாமல் போகவில்லை.

எச்எஃப்எஃப்ஆர் வேறு சாதி. இதற்குத் தரம் ஐஎஸ் 17048, 2018இல் வந்தது. குளோரின் போன்ற ஹாலஜன்களே இல்லாத பிளாஸ்டிக். தீயை எதிர்க்க அதில் அலுமினியம் ஹைட்ராக்சைடு மாதிரியான தாதுப்பொடியைக் கலக்கிறார்கள். சூடு ஏறும்போது அந்தப் பொடி நீராவியை விட்டு, தன் சூட்டைத் தானே கொஞ்சம் தணித்துக்கொள்ளும். புகை மெலிதாக இருக்கும், அமில வாயு ஏறக்குறைய இல்லை. சில கம்பெனிகள் இதையே இசட்எச்எஃப்ஆர் என்று அச்சிடுகின்றன. வளைகுடாவில் சைட் வேலை பார்த்துத் திரும்பிய நம்மூர் ஆட்களுக்கு எல்எஸ்இசட்எச் என்ற பெயர் பழக்கமாக இருக்கும்; கிட்டத்தட்ட இதுதான் அது.

இங்கேதான் ஏமாற வாய்ப்பு. எல்எஸ்எச், எல்எஸ்இசட்எச் இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். முதலாவது பிவிசி, இரண்டாவது ஹாலஜன் இல்லாதது. துபாயிலிருந்து அண்ணன் போனில் ஒன்றைச் சொல்ல, தம்பி கடையில் மற்றொன்றை வாங்கி வருவது சகஜம். வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

எச்ஆர் என்று முன்னால் சேர்ந்திருந்தால் அது சூடு தாங்கும் அளவைச் சொல்வது. சாதாரண பிவிசி வயரின் செம்பு 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாகலாம். எச்ஆர் வகையில் 85 டிகிரி வரை. மழைக்காக மொட்டை மாடி மேல் ஷீட் போடாத வீடு நம் மாவட்டத்தில் குறைவு. அந்த ஷீட்டை ஒட்டி வயர் ஓடுகிறதென்றால் எச்ஆர் வாங்குவதில் அர்த்தம் உண்டு. தீ வகைப்பாட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

நெருப்பிலும் வேலை செய்ய வேண்டிய கேபிளுக்கு ஃபயர் சர்வைவல் என்று பெயர். இந்தியத் தரம் ஐஎஸ் 17505. மைக்கா நாடா சுற்றியது, அல்லது தீயில் சாம்பலாகாமல் ஓடு மாதிரி இறுகிவிடும் உறை போட்டது. பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 6387இல் இதற்கு சி, டபிள்யூ, இசட் என்று மூன்று சோதனை. சி என்றால் 950 டிகிரி நெருப்பில் மூன்று மணி நேரம். டபிள்யூ என்றால் நெருப்போடு தண்ணீரும் பீய்ச்சுவார்கள். இசட் என்றால் நெருப்போடு இடியும் கொடுப்பார்கள், எரிகிற கட்டடத்தில் மேலே இருந்து ஏதாவது விழுவது போல. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடிக்கும்போதும் கேபிள் உயிரோடு இருக்க வேண்டுமல்லவா, அதற்குத்தான்.

ஐரோப்பாவில் முறையே வேறு. அங்கே 2017 ஜூலை முதல் கட்டடத்துக்குள் நிரந்தரமாகப் போடும் கேபிள்களுக்கு ஏ, பி1, பி2, சி, டி, இ, எஃப் என்று ஏழு வகுப்பு. ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் கேபிள் என்பதைக் காட்ட சிஏ என்ற சிறிய குறி வரும். ஏ சிறந்தது, எஃப் கடைசி. கூடவே புகைக்கு எஸ், எரிந்து சொட்டுவதற்கு டி, அமிலத்துக்கு ஏ என்று துணைக் குறிகள். வெளிநாட்டிலிருந்து யாராவது கேபிள் கொண்டுவந்தால் படிக்கத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். நம் எஃப்ஆர் இன்ன ஐரோப்பிய வகுப்புக்குச் சமம் என்று யாராவது மாற்று விகிதம் சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டின் சோதனைகளும் வேறு வேறு.

கட்டடத்தை ஒருமுறை நடந்து பாருங்கள்

கடைக்குப் போகும் முன் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு, வயர் எங்கெங்கே சும்மா வெளியில் கிடக்கப் போகிறது என்று குறியுங்கள். சுவரைக் கொத்தி, பைப் பதித்து, மேலே சாந்து பூசிய இடத்தில் வயருக்குக் காற்றும் குறைவு, தீ போய்ச் சேருவதும் தாமதம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, மாடிக்கு மாடி கேபிள் ஏறும் ஷாஃப்டில், மாடிப்படி ஓரத்தில், மீட்டர் போர்டைச் சுற்றி, எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டிக்குள்ளே கட்டுக்கட்டாகக் கிடக்கும் வயர்தான் ஆபத்து. ஒற்றை வயர் தானாக அணைந்துவிடும் சூழ்நிலையில், இருபது வயர் சேர்ந்த கட்டு அணையாது. ஒன்றை ஒன்று சூடேற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் தரச் சோதனையில் ஒற்றை வயரைக் கொளுத்துவது ஒன்று, கட்டாக ஏணியில் கட்டித் தொங்கவிட்டுக் கொளுத்துவது மற்றொன்று.

அப்புறம், தீ வந்தால் ஆட்கள் எந்த வழியாக ஓடுவார்கள் என்று பாருங்கள். ஒற்றை மாடி வீட்டில் முன்வாசல், அடுக்களை வாசல் என்று இரண்டு வழி இருக்கும். ஐந்து நிமிடப் புகையைத் தாண்டி முற்றத்துக்கு வந்துவிடலாம். அப்படிப்பட்ட வீட்டுக்கு நல்ல எஃப்ஆர் போதும், கையில் கொஞ்சம் காசு இருந்தால் எல்எஸ்எச். வீடு முழுக்க எச்எஃப்எஃப்ஆர் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் நல்ல ஆர்சிசிபியும் (கரன்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் ஸ்விட்ச்) ஒழுங்கான எர்த்தும் போட்டால் பலன் அதிகம்.

லாட்ஜ் கதை வேறு. கன்னியாகுமரியில் ஐயப்ப சீசனில், கார்த்திகை தொடங்கி தை வரை, ஓர் அறையில் ஆறு பேர் ஏழு பேர் படுத்திருப்பார்கள். நடுவில் ஜன்னலே இல்லாத காரிடார், ஒரே மாடிப்படி. ஊர் தெரியாத ஆட்கள், நடுராத்திரி. அங்கே ஆளைக் கொல்வது புகைதான். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபகார் தியேட்டரில் 59 பேர் இறந்தார்கள். தீ கீழே டிரான்ஸ்ஃபார்மர் பகுதியில். இறந்தவர்களில் பெரும்பாலோர் மேலே பால்கனியில் இருந்தவர்கள், மூச்சுமுட்டி இறந்தவர்கள். தீ அவர்களிடம் வரவே வேண்டியிருக்கவில்லை. எனவே லாட்ஜ், மருத்துவமனை, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை இவற்றில் காரிடார், படிக்கட்டு, ஷாஃப்ட், ஃபால்ஸ் சீலிங் ஆகிய இடங்களுக்காவது எச்எஃப்எஃப்ஆர் போடுங்கள்.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. ஹாலஜன் இல்லாத விலை கூடிய வயரை வாங்கி, அதைச் சாதாரண பிவிசி பைப்புக்குள் இழுத்து ஃபால்ஸ் சீலிங் மேலே ஓட்டினால், எரியும்போது பைப்பே அமிலப் புகையைக் கக்கும். வெளியில் தெரியும் ஓட்டங்களுக்கு இரும்பு பைப்போ டிரேயோ போடுங்கள். கடலோரமாக இருந்தால் கால்வனைஸ் செய்தது. இல்லாவிட்டால் நாலு வருஷத்தில் துருப்பிடித்து உதிரும்.

தீ அலாரம், எமர்ஜென்சி விளக்கு, ஃபயர் பம்ப், புகை வெளியேற்றும் ஃபேன் ஆகியவற்றுக்குப் போகும் லைன்கள் மட்டும் ஃபயர் சர்வைவல். இதையும் பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கிளிப் உருகினால் மூன்று மணி நேரம் தாங்கும் கேபிள் மூன்றாவது நிமிடத்தில் கீழே தொங்கும், உள்ளே வரும் தீயணைப்பு வீரரின் கழுத்தில் சுற்றும். இரும்புக் கிளிப், இரும்பு ஸ்க்ரூ.

கட்டடத்தின் உயரத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். தேசிய கட்டட நெறித்தொகுப்பு 15 மீட்டரிலிருந்தே அப்படிக் கருதுகிறது. அந்த உயரத்தில் கேபிள் தேர்வு உங்கள் இஷ்டம் இல்லை. தீயணைப்புத் துறை அனுமதிக்குப் போகும் வரைபடத்தோடு சேர்ந்தது. அதற்கென்று ஒரு எலக்ட்ரிக்கல் இன்ஜினியரை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஓட்டு வீடுகளைப் பற்றி இரண்டு வரி. தக்கலை, திருவட்டார் பக்கம் பலகை மச்சும் மர உத்தரமும் உள்ள வீடுகள் இன்னும் நிற்கின்றன. மரக் கட்டையில் அடித்த பழைய வயரிங் மேலே ஓடும், எலி கடித்திருக்கும், மேலுறை தொட்டால் உதிரும். அதில் எந்த எழுத்தும் படிக்க ஒன்றுமில்லை, முழுதாக மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது மச்சுக்கு மேலே ஜாயின்ட் போட அனுமதிக்காதீர்கள். கண்ணில் படாத இடத்தில், காய்ந்த மரத்துக்குப் பக்கத்தில், ஜாயின்ட் இருக்கவே கூடாது.

கடையில் என்ன பார்ப்பது

பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வயரைக் கையில் எடுங்கள். மேலுறை மேலேயே கம்பெனிப் பெயர், 1.5 அல்லது 2.5 என்ற அளவு, 1100 வோல்ட், ஐஎஸ் 694 அல்லது ஐஎஸ் 17048, எஃப்ஆர் அல்லது எஃப்ஆர்-எல்எஸ்எச், ஐஎஸ்ஐ முத்திரை எல்லாம் வரிசையாக அச்சாகியிருக்கும். பெட்டியில் எல்எஸ்எச், வயரில் வெறும் எஃப்ஆர் என்றிருந்தால் வயர் சொல்வதை நம்புங்கள். ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். போனில் ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கும் அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் என்ற செயலியை இறக்கி அந்த எண்ணை அடித்தால், அது எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த லைசென்ஸ், இப்போது உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யலாம். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

லைட்டர் வேடிக்கையை நம்ப வேண்டாம். ஒரு துண்டு வயரை லைட்டரில் காட்டி, லைட்டரை எடுத்ததும் அது அணைவதைக் காட்டி "பாத்தீங்களா, எஃப்ஆர்" என்பார்கள். சாதாரண பிவிசியே அப்படி அணையும், உள்ளே குளோரின் இருப்பதால். அந்தச் சோதனையில் பார்க்கத் தகுந்தது புகைதான். பிவிசியின் புகை கறுப்பாக, மூக்கில் குத்தும். ஹாலஜன் இல்லாத வயரின் புகை வெளுத்து மெலிந்து வரும். அதையும் வீட்டுக்குள் செய்து மூக்கைக் காட்ட வேண்டாம்.

மீட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் கனமான ஆர்மர்ட் (உலோகக் கவசம் போட்ட) கேபிள் பெரும்பாலும் எக்ஸ்எல்பிஇ. அதன் உள்ளுறை பாலிஎத்திலீன் குடும்பம். அது மட்டும் இருந்தால் சாதாரணக் காற்றிலேயே நன்றாக எரியும். கட்டடத்துக்குள்ளே நீளமாக ஓடுவதென்றால் வெளியுறை எஃப்ஆர் அல்லது எஃப்ஆர்-எல்எஸ்எச் என்று கேட்டு வாங்குங்கள். மண்ணுக்குள் போகிற பகுதிக்கு இந்தக் கவலை வேண்டாம்.

கூரையில் சோலார் போடுகிறவர்கள், பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் டிசி லைனுக்கு வீட்டு வயரை ஓட்டக் கூடாது. அதற்குத் தனித் தரம் ஐஎஸ் 17293. வெயில், மழை, 1500 வோல்ட் டிசி தாங்கும் கேபிள். டிசியில் பொறி பறந்தால் எளிதில் அணையாது.

போடும்போது

கனம், எம்சிபி இரண்டும் ஜோடி. பொதுவாக வீடுகளில் விளக்கு, ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் வயரும் 10 ஆம்பியர் வரையிலான எம்சிபியும். பிளக் பாயின்டுக்கு 2.5 ஸ்கொயரும் 16 ஆம்பியரும். ஏசி, ஹீட்டருக்கு 4 ஸ்கொயரும் 20 ஆம்பியரும். எம்சிபி அடிக்கடி டிரிப் ஆகிறது என்று 10ஐ எடுத்துவிட்டு 32ஐ மாட்டினால், வயர் சுவருக்குள் வெந்துகொண்டே இருக்கும். பெட்டியில் என்ன எழுத்து இருந்தாலும் அப்போது உதவாது.

எச்எஃப்எஃப்ஆர் வயரைப் பைப்புக்குள் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். தாதுப்பொடி நிறைய இருப்பதால் உறை வளைவுகளில் உரசிக் கீறும். பைப்பில் பாதிக்கு மேல் அடைக்காமல், இரண்டு பேர் நின்று, ஒருவர் தள்ள ஒருவர் இழுக்க வேண்டும்.

குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரிக் கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று டெர்மினல்களைத்தான் முதலில் தின்னும். பச்சை பூத்த செம்பு, லூஸான ஸ்க்ரூ, அங்கே சூடு, அங்கிருந்து தீ. வயர் முனையில் லக் என்ற உலோகக் காதை வைத்து முறுக்குங்கள், டிபி மூடியை மூடி வையுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கச் சொல்லுங்கள். ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டும் வாங்குகிற மாவட்டம் இது. பைப்புக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று மெக்கர் (வயர் உறையில் கரன்ட் கசிகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்வதும் நல்லது. 500 வோல்ட் மெக்கரில் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கேயோ கோளாறு.

மாடிக்கு மாடி கேபிள் ஏறும் துளைகளை அடைக்காமல் விட்டால் அது புகைக்குப் போட்டுக் கொடுத்த புகைபோக்கி. கேபிள் போட்டு முடித்ததும் ஃபயர் சீலன்ட் வைத்தோ, தீ தாங்கும் சாந்து வைத்தோ அடைக்க வேண்டும். பெயின்ட் அடிக்கிற அவசரத்தில் எல்லோரும் மறக்கும் வேலை இதுதான். தெர்மாகோலைத் திணித்து மேலே வெள்ளை சிமென்ட் பூசிவிடுவார்கள், வெளியே பார்க்க அழகாக இருக்கும். ஆணி வைத்துக் குத்திப் பாருங்கள்.

டிசம்பரில் போடும் தற்காலிக வயர்

சுவருக்குள் எச்எஃப்எஃப்ஆர் போட்ட வீட்டிலேயே, டிசம்பர் வந்தால் முற்றத்தில் கிறிஸ்துமஸ் குடில் வைப்பார்கள். வைக்கோல், காய்ந்த ஓலை, பஞ்சு. அதற்குள்ளே சீரியல் செட். அதற்குக் கரன்ட், தலைமுடி கனத்தில் செம்பு உள்ள டூ-கோர் வயரில், ஜன்னல் வழியாக. ஐஎஸ்ஐ முத்திரையே இருக்காது, எஃப்ஆர் எங்கே இருக்கும்? கோயில் கொடைக்கும் இதே வயர்தான் பந்தல் காலில் சுற்றிக் கிடக்கும். குடிலுக்கு எல்இடி செட் வாங்குங்கள், ஜாயின்டை வைக்கோலுக்கு வெளியே வையுங்கள், ஆர்சிசிபி உள்ள பாயின்டிலிருந்து எடுங்கள், படுக்கப் போகும்போது ஸ்விட்சை அணையுங்கள். வருஷம் முழுக்க டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் மாட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கும் இதே கண்ணோட்டம் வேண்டும்.

பூசும் முன் ஒரு வேலை

பைப் பதித்து வயர் இழுத்ததும், கொத்தனார் சாந்து பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயரின் மேல் உள்ள அச்சு தெரிகிற மாதிரி ஒரு படம் தனியாக. பில்லையும், ஒரு காயில் பெட்டியின் லேபிளையும், வேலை செய்த லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரின் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து மாடி எடுக்க நினைத்தால், மேலே போடும் வயரை எதோடு ஒத்துப் போட வேண்டும் என்று வருகிற வயர்மேனுக்குக் காட்ட அதுதான் இருக்கும்.